கண் மூடிக் கிடக்கும் வேலை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றும் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அதுதான் என் வேலை. ‘மூன்றாம் வீட்டு மருமகள்’ தொடரில் நான் சௌந்தரம், கதாநாயகியின் தாய். பொங்கல் வாரத்தில் சம்பந்தியம்மாள் என்னை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து கோமா. தள்ளியது யார் என்று எனக்கும் பார்க்கிறவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். நான் கண் விழித்துச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்பதால் விழிக்க விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கண்ணை மூடினால் இருட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். விளக்குக்குக் கீழே அப்படி இல்லை. இமைக்குள் முதலில் செம்பருத்திச் சிவப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அது மாம்பழத் தோலின் மஞ்சளாகும். யாராவது விளக்கைக் கடந்து நடந்தால் ஒரு மீன் நீந்திப் போவதுபோல நிழல் போகும். பேச்சுக் குரல்கள் தண்ணீருக்கு மேலே எங்கிருந்தோ கேட்கும். மகளாக நடிக்கும் பெண் என் கையைப் பிடித்து அழுவாள். அழுகையின் நடுவே நான் எங்கேயாவது போய்விடுவேன். இன்று போனது ஒரு ரயில் நிலையம். பெட்டி பெட்டியாகத் துளசிச் செடிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். “உங்க வீட்டுக்குத்தான்” என்றார்கள்.

ஷாட் முடிந்ததும் எல்லோரும் மானிட்டர் பக்கம் ஓடிவிடுவார்கள். நான் எழுந்திருக்கலாம் என்று சொல்ல யாருக்கும் நினைவிருக்காது. கூரைக்குக் கீழே குறுக்காகக் கட்டிய பலகையில் உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணிக்கு மட்டும் நினைவிருக்கும். விளக்கின் தகரக் கதவைச் சாத்தி, வெளிச்சத்தை என் முகத்திலிருந்து எடுத்துவிட்டு, “அம்மா, டீ வந்துருச்சு” என்பார். கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது மேலே தொங்கும் அவருடைய இரண்டு பாதங்கள்.

வீட்டுக்கு வந்து சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். சின்ன வெங்காயம் உரித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அழைப்பு இல்லை. மாவு அரைத்தேன். கோவையிலிருந்து தங்கை பேசினாள். “எப்பக்கா எந்திரிக்கப் போற? பக்கத்து வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க” என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். சேனலில் இரண்டு தொடர்களைச் சேர்த்து ‘மகாசங்கமம்’ போடப்போகிறார்களாம். அதனால் இன்று தொடங்கி, இரவும் நாளையும் நிறுத்தாமல் எடுப்பதாக ஏற்பாடு. மேக்கப்மேன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குகிறார். உதவி இயக்குநர் வசனத்தாளை வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரே வரியை மூன்று முறை வாசித்துவிட்டு எங்களைப் பார்த்து முழித்தார்.

மாசிலாமணி நேற்று அம்பத்தூரில் வேறொரு தொடருக்கு வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார். கண்கள் மிளகாய்ப்பழமாக இருந்தன. “கொஞ்சம் கண் அசரக் கூடாதா?” என்றேன்.

“எனுக்கும் சேத்து நீங்களே தூங்கிடுங்கம்மா” என்று சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாசிலாமணி விழுந்துவிட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இரவெல்லாம் எடுத்துக்கொண்டிருந்ததில் நேற்று விடிந்துவிட்டது. வெளியே பால் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. என் கட்டிலைச் சுற்றி மொத்தக் குடும்பமும் நின்று சண்டை போடும் காட்சி. நான் உண்மையாகவே தூங்கியிருந்தேன். எதனால் விழித்தேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். மேலே பார்த்தது நான் மட்டும்தான். பஸ்ஸில் தூங்கும் குழந்தைக்குத் தலை சாய்வதுபோல அவருடைய தாடை மெல்ல நெஞ்சில் இறங்கியது. ஒரு கை விளக்கின் பிடியிலேயே இருந்தது. அவரும் விளக்கும் சேர்ந்து வந்தார்கள். மெதுவாகத்தான் வந்தார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் விழுந்தார். நான் காலைக் கீழே வைக்கப் போனேன். அவர் பேசினார். “எறங்காதீங்கம்மா. கீழ பூரா கண்ணாடி. உங்க கால்ல செருப்பு இல்ல.”

கட்டிலில் குப்புறப் படுத்து, கையை நீட்டி அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தேன். அவர் மேல் வியர்வையும் விபூதியும் மணத்தன. வேறு எதுவும் இல்லை.

அவரைக் கொண்டுபோன பிறகு கம்பெனி மேனேஜர் எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம், “நீங்க எதுவும் பாத்திருக்க மாட்டீங்க, இல்லம்மா? கண்ணை மூடித்தானே இருந்தீங்க?” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. களைப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

லைட்மேன்கள் யூனியன் இன்று முதல் வேலைநிறுத்தம். இரவு எட்டு மணியோடு படப்பிடிப்பை முடிக்க வேண்டும், ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு தளங்களில் வேலை வாங்கக் கூடாது, பலகையில் ஏறுபவருக்குப் பாதுகாப்பு பெல்ட் தர வேண்டும், மாசிலாமணியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் குடித்துவிட்டு ஏறினார், அதனால் பொறுப்பேற்க முடியாது என்கிறது கம்பெனி.

சாலிகிராமம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கிறது. ஜெனரேட்டர் வண்டிகள் வேப்பமரத்தடியில் மாடுகள்போலப் படுத்திருக்கின்றன.

சாயங்காலம் வின்சென்ட் துரை வந்தார். திரையில் எப்போதும் போலீஸ் அதிகாரியாக வருபவர், எங்கள் சின்னத்திரைக் கலைஞர் சங்கத்தின் செயலாளர். செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“ஞாயித்துக்கிழமை பொதுக்குழு கூட்டியிருக்கோம். லைட்மேன் யூனியனோட நாமளும் நிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். நம்ம ஆளுங்க பாதிப் பேர், நமக்கெதுக்கு இந்த வம்புன்னு இருக்காங்க. மாசிலாமணி குடிச்சிருந்தாருன்னு கம்பெனி சொல்றதை நம்புறவங்களும் உண்டு. நீங்க அவருக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தீங்க, பிரபாவதிம்மா.”

“கண்ணை மூடியிருந்தேன்.”

அவர் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைக்கப் போனார், நான் வாங்கிக்கொண்டேன். போகும்போது, “நல்லா தூங்குங்க. நாம எல்லாரும் கொஞ்சம் தூங்கணும்” என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கறிவேப்பிலை வாங்கப் போனேன். அந்தப் பக்கமாக ஆஸ்பத்திரி பஸ் வந்ததால் ஏறிவிட்டேன். கையில் ஃபிளாஸ்கில் ரசம் இருந்தது.

மாசிலாமணிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் மகள் தமயந்தி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். “ஐயோ, சௌந்தரம் அம்மா! நடந்து வரீங்களே!” என்றாள். அடுத்த கட்டில்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

மேலேயே பார்த்துப் பழகிய மனிதரைக் கீழே குனிந்து பார்ப்பது எனக்கு என்னவோபோல இருந்தது. நெற்றி பெரியது. காதோரம் நரை. இத்தனை மாதங்களில் அது எனக்குத் தெரியவில்லை.

“குடிச்சிருந்தேன்னு சொல்றாங்களாமே” என்றார். குரலில் கோபமில்லை. “எம் பொண்டாட்டி சாவுறப்போ அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணது. அதுக்கப்புறம் தொட்டதில்ல. உட்ருங்க. நீங்க எழுந்திருக்கிற சீன் எப்போ?”

“இன்னும் சொல்லல.”

“அந்த சீனுக்கு எப்டி லைட் வெக்கணும்னு நான் பாத்து வெச்சிருந்தேன். எல்லாரும் மூஞ்சில படார்னு அடிப்பாங்க. அது தப்பு. இத்தினி நாள் மூடியிருந்த கண்ணு. ஜன்னல் பக்கத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். கூசக் கூடாது.”

நான் ரசத்தை ஊற்றிக் கொடுத்தேன். தமயந்தி அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள். “அம்மா இருந்தப்பவும் இப்படித்தான், யாராச்சும் குடுத்தா மட்டும் ரசம் குடிப்பாரு. நான் வெச்சா குடிக்க மாட்டாரு” என்றாள்.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் மிட்டாய் தின்றுகொண்டே வந்த நேரத்தில் நந்தகுமார் காரிலிருந்து இறங்கினார். கம்பெனியின் நிர்வாகத் தயாரிப்பாளர். ஸ்வீட் பெட்டியும் ஒரு கவரும் கொண்டுவந்தார். இந்த வீட்டுக்கு இதுவரை அவர் வந்ததில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“திங்கட்கிழமை சௌந்தரம் கண் முழிக்கிறாங்க, மேடம்.”

கவருக்குள் வசனம் இருந்தது. மூன்று பக்கம். மூன்றிலும் நான்தான் பேசுகிறேன்.

“இங்க இல்ல. பாண்டிச்சேரி பக்கம் ஒரு வீடு பாத்திருக்கோம். லைட்டுக்கு வெளியூர் ஆளுங்க வர்றாங்க. நீங்க முழிச்சதுக்கப்புறம் கதையே உங்களைச் சுத்தித்தான். சேனல்லயும் பேசியாச்சு.”

“ஞாயித்துக்கிழமை பொதுக்குழு இருக்கே. சங்கமும் ஸ்டிரைக்ல சேர்ந்துட்டா?”

“சேராது, மேடம். யாராவது பாத்தேன் கீத்தேன்னு எழுந்து உணர்ச்சிவசப்பட்டுப் பேசினாத்தான் சேரும்.” அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. “உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. ஒண்ணுமே சொல்ல வேணாம்னுதான் சொல்றேன். கண் மூடியிருந்தவங்களை யார் என்ன கேக்கப் போறாங்க?”

அவர் போன பிறகு வாசலைப் பெருக்கினேன். பிறகு கண்ணாடி முன்னால் நின்று வசனத்தை வாசித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். “எல்லாம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மகளே” என்று ஆரம்பம். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியே கேட்டுவிட்டுக் கை தட்டினாள். எனக்கு முழுப் பக்க வசனம் கொடுத்து எத்தனையோ வருஷமாகிறது.

ஆகஸ்ட் 16, சனி

ஒரு கனவு. ஆற்காடு சாலை முழுக்கக் கட்டில்கள். கேமராக்காரர், சமையல்காரர், டிரைவர்கள், எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். நான் மட்டும் விழித்தபடி நடுவே நடந்து போகிறேன். யாரையோ தேடுகிறேன். ஒரு கட்டில் மட்டும் காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. நேற்று யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கிறது. மேடையில் பூ உதிர்ந்து கிடந்தது. மணமக்கள் உட்காரும் நாற்காலிகளில் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஹேமலதா. என்னை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்ட சம்பந்தியம்மாள் அவள்தான். பதினைந்து வருஷத் தோழி. அவள்தான் முதலில் எழுந்து பேசினாள்.

“லைட்மேன்களுக்கு யூனியன் இருக்கு, அவங்க கேக்கட்டும். நாம எதுக்கு நிறுத்தணும்? இந்தி சீரியலைத் தமிழ்ல பேசவெச்சு நம்ம நேரத்துல போட்டுருவாங்க. ஒரு தடவை அந்த இடம் போச்சுன்னா திரும்ப வராது. எனக்குப் பையன் காலேஜ்ல படிக்கிறான். இங்க இருக்கிற நூறு பேருக்கும் வீடு இருக்கு. குடிச்சிட்டு ஏறின ஒருத்தருக்காக...”

நிறையப் பேர் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் பாதி உண்மை. அவள் உட்கார்ந்தபோது நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மைக் என் கைக்கு வந்தது.

“அவர் குடிக்கல. நான் பாத்தேன்” என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் குரல், “கோமாவுல இருந்தவங்க எப்படிம்மா பாத்தீங்க?” மண்டபம் சிரித்தது. வின்சென்ட் துரை மணியை அடித்தார்.

“தூங்கி எழுந்தேன்ப்பா” என்றேன். “அன்னிக்கு அந்த ஃப்ளோர்ல படுத்துத் தூங்கின ஒரே ஆள் நான்தான். எனக்கு மட்டும்தான் அதை வேலையாக் குடுத்திருந்தாங்க. நீங்க எல்லாரும் கண்ணைத் திறந்துதான் வெச்சிருந்தீங்க. யார் கண்ணுலயும் எதுவும் படல. படுற நிலைமையில யாரும் இல்ல. ஹேமா, நீயும்தான். அன்னிக்குக் காலையில என் பேரை மறந்துட்டு உன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டே.”

யாரும் சிரிக்கவில்லை.

“அவரும் தூங்கிட்டார். அவ்வளவுதான். உக்காந்தபடியே தூங்கிட்டார். விளக்கை விடாம பிடிச்சுக்கிட்டே விழுந்தார். விழுந்து கிடக்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? என்னைக் காப்பாத்துங்கன்னு சொல்லல. எறங்காதீங்கம்மா, கீழ கண்ணாடி, உங்க கால்ல செருப்பு இல்லன்னார். குடிச்ச மனுஷனுக்கு என் கால் தெரியுமா? நான் அவர் தலையை மடியில... கையில வெச்சிருந்தேன். எனக்குத் தெரியாதா?”

இன்னும் ஏதோ சொன்னேன், நினைவில்லை. மேனேஜர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன், அது தப்பு என்று சொன்னது நினைவிருக்கிறது. உட்கார்ந்தேன். ஹேமலதா என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் மூடி திறந்து என் மடியில் வைத்தாள்.

லைட்மேன்களோடு நிற்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் ஓரத்தில் சில கைகள் எழுந்தன. பிறகு நடுவில். காற்றடிக்கும் வயல்போல மெல்ல எழுந்துகொண்டே வந்தது. நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஹேமலதாவின் கையும் மேலே இருந்தது. “என்ன பாக்கறே? தூக்கிட்டேன்ல” என்றாள் கோபமாக.

இரவு நந்தகுமாருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வரமாட்டேன் என்றேன். “தெரியும், மேடம். கேள்விப்பட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வசனத்தை இன்னொரு முறை வாசித்துவிட்டுப் பழைய பேப்பரோடு வைத்தேன். நல்ல வசனம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முன்பே எடுத்து வைத்திருந்த பாகங்கள் தீர்ந்துவிட்டன. பழைய பாகங்களைத் திரும்பப் போடுகிறார்கள்.

சாயங்காலம் ஆற்காடு சாலையில் டி.வி. விற்கும் கடையைக் கடந்து போனேன். கண்ணாடிக்குள் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ திரைகள். எல்லாவற்றிலும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு திரையில் என் முகம் நீலமாக, இன்னொன்றில் இளமஞ்சளாக. லேசாகத் தூறியது. கண்ணாடியில் வழியும் தண்ணீர் அத்தனை முகங்கள் மேலும் வழிந்தது. முகத்தில் வெளிச்சம் எவ்வளவு பதமாக விழுந்திருக்கிறது என்பதை இன்றுதான் பார்த்தேன். மூக்கின் நிழல்கூடக் கன்னத்தில் முரட்டுத்தனமாக விழவில்லை. யாரோ மிகவும் யோசித்துச் செய்திருக்கிறார். வெகுநேரம் நின்றேன். கடைக்காரர் உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். குடை இல்லாமல் வந்துவிட்டேன் என்று சொல்லி நடந்தேன்.

குடை பையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். ஒருத்திக்கு எதற்கு இத்தனை என்று பிறகுதான் தோன்றியது. வீணாகக் கூடாதே என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். இப்போது அவரை உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். தேங்காய்ப் பூரணம் பிடிக்குமாம். எள் பிடிக்காதாம்.

செப்டம்பர் 3, புதன்

வேலைநிறுத்தம் முடிந்தது. லேபர் ஆபீசில் வைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு எல்லாத் தளத்திலும் விளக்கை அணைக்க வேண்டும். பெல்ட் கட்டாயம். அடுத்தடுத்து இரண்டு தளத்தில் ஒரே ஆள் கூடாது. மாசிலாமணியின் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. குடித்திருந்தார் என்ற பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று கேட்டது மட்டும் கிடைக்கவில்லை, அதைப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டார்கள்.

வின்சென்ட் துரை போனில் சொன்னார். சின்னப் பையன்போல ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். போலீஸ் உடையில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

உடனே தமயந்திக்குச் சொல்லலாம் என்று போன் செய்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. “அப்பா பக்கத்துல இருக்காரு, பேசறீங்களா?” என்றாள். இல்லை, அடுப்பில் பால் இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எனக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று ஒளிபரப்பான பாகத்தில் சௌந்தரம் இறந்துவிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. கூடத்தில் படம் வைத்து மாலை போட்டு, முன்னால் விளக்கேற்றிவிட்டார்கள். நான் கம்பெனியில் கொடுத்து வைத்திருந்த பழைய போட்டோ. சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஹேமலதா படத்தின் முன் நின்று அழுதாள். அவளுக்கு அழ வராது, கிளிசரின் போட்டாலும் வராது. இன்று நிஜமாக அழுதாள். முடிந்ததும் போன் செய்து, “நான் சொல்லிப் பாத்தேன்டி. கேக்கல” என்றாள்.

“எனக்குத் தெரியும். நீ சாப்பிடு” என்றேன்.

செப்டம்பர் 13, சனி

கோயில் வாசலில் பூக்காரி என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டாள். “என்னம்மா இது, யார் தள்ளிவிட்டதுன்னு சொல்லாமலே போய்ட்டியே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்ல வேண்டியதை வேற இடத்துல சொல்லிட்டேன்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரு முழம் மல்லிகையைத் தலையில் வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வேறு கம்பெனிகளும் கூப்பிடவில்லை. யாரும் எதுவும் சொல்வதில்லை. “பாக்கலாம்மா, நல்ல கேரக்டர் வந்தா சொல்றோம்” என்கிறார்கள். தங்கை கோவைக்கு வந்துவிடச் சொல்கிறாள். மாடியில் ஒரு அறை இருக்கிறதாம், காற்று வருமாம். யோசிக்கிறேன் என்றேன்.

மதியம் படுத்தால் சிவப்பும் மஞ்சளும் வருவதில்லை. வெறும் இருட்டுதான். ஆனால் நன்றாகத் தூங்குகிறேன்.

மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி பலகையில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னது தமயந்தி. அவர் சொல்லவில்லை. நேற்று பார்க்கப் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே சுவரில் விழுந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒப்பந்தப்படி தளங்களைச் சுற்றிப் பார்க்கக் கூட்டுக்குழு அமைக்கிறார்கள். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவர். எங்கள் சங்கத்துக்கு என் பெயரைச் சொல்லியிருப்பதாக வின்சென்ட் துரை சொன்னார். “போக்குவரத்துச் செலவு மட்டும்தான் குடுக்க முடியும். உங்களுக்கு விருப்பம் இருந்தா...”

கோவைக்குப் போவதாக இருக்கிறேன் என்றேன்.

“அப்படியா? சரிம்மா. லைட்மேன் யூனியன்ல மாசிலாமணியைப் போட்டிருக்காங்க. அவர்கூட வேற யாரையாவது அனுப்பறேன்.”

கோவைக்கு இப்போதே போவதாக இல்லை, தீபாவளி கழித்துத்தான் என்றேன். ரயிலில் இடம் கிடைப்பதும் கஷ்டம்.

அக்டோபர் 10, வெள்ளி

முதல் நாள் வேலை. போரூர் பக்கம் ஒரு தளம். மாசிலாமணி கைத்தடியோடு எனக்கு முன்பே வந்து கேட் அருகே நின்றிருந்தார். சலவைச் சட்டை, தலை படிய வாரியிருந்தார். நானும் இந்தப் பச்சைப் புடவையைப் பெட்டியிலிருந்து இன்றுதான் எடுத்தேன். பழசாகிறது, கட்டினால்தானே.

உள்ளே ஒரு நிச்சயதார்த்தக் காட்சி. எட்டு மணி நெருங்கியதும் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். இயக்குநர் இன்னும் ஒரே ஒரு ஷாட் என்று கெஞ்சினார். மாசிலாமணி மேலே விளக்குகளைப் பார்த்தார். நான், “நாளைக்கு எடுங்க சார். மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டார்” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், இயக்குநரும் சிரித்துவிட்டார்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதன் பிறகுதான் வேடிக்கை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பட்டுப்புடவையும் வேட்டியுமாக வாசலில் வந்து நின்று, தெருவை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைகள் திறந்திருந்தன. ஒரு அசிஸ்டென்ட் கேமராமேன் தன் குழந்தைக்குப் போன் செய்து, “முழிச்சிரு, அப்பா வரேன், தூங்கிடாதே” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். மேக்கப் போடும் பெண் தேங்காய் வாங்கினாள். யாரோ பாடினார்கள்.

பஸ் நிறுத்தம் வரை நானும் மாசிலாமணியும் நடந்தோம். அவர் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலையில் பெய்த மழை குட்டையாகத் தேங்கி, கடை வெளிச்சமெல்லாம் அதில் மிதந்தது.

“கோயமுத்தூர் போறீங்களாமே” என்றார்.

“யார் சொன்னது?”

“செயலாளர் சார்.”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“ஓ.”

நிறுத்தம் வந்துவிட்டது. கைத்தடியின் நுனியால் தரையில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “தமயந்தி ரசம் வெக்கக் கத்துக்கணுமாம். உங்ககிட்டக் கேக்கச் சொன்னா” என்றார்.

“வரச் சொல்லுங்க. இல்லன்னா நானே வரேன்.”

என் பஸ் வந்து நின்றது. டிரைவரையும் கண்டக்டரையும் சேர்த்தால் ஆறேழு பேர் இருப்பார்கள். ஜன்னலோர இருக்கைகள் எல்லாம் காலி.

“ஒரே கூட்டமா இருக்கு. அடுத்ததுல போறேன்” என்றேன்.

அவர் பஸ்ஸை முன்னாலிருந்து பின்னால்வரை நிதானமாகப் பார்த்தார்.

“ஆமாமா” என்றார். “நல்ல கூட்டம்.”